சோடி பார்க்கிற அக்கா

அக்காவின் சாப்பாட்டுப் பெட்டியில் ரொட்டி இருக்கும், சம்பல் இருக்கும், அதோடு சுடாத மா உருண்டை ஒன்றும் இருக்கும். காலையில் ரொட்டிக்குக் குழைத்த மாவில் ஒரு பிடி எடுத்து, ஈரத்துணியில் சுற்றி வேலைக்குக் கொண்டு வருவார். அது சாப்பிட அல்ல. எஞ்சினுக்கு.

பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் இந்த ஜேர்மனியில் டார்ம்ஸ்டாட்டிலிருந்து டோர்ட்மண்ட் வரைக்கும் ஆட்கள் கண்டுகொள்வார்கள். என்னைவிட இரண்டொரு வயது மூத்தவர், நான் அக்கா என்றே கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். அக்காவின் புருசனை நான் அண்ணை என்பேன். மூன்றாவது ஆள் என் வீட்டுக்காரர். இந்த மூன்று பேரும் இப்போது இல்லை. மிஞ்சியது நான். ஆகவே சொல்வதில் யாருக்கும் கெடுதல் இல்லை.

டார்ம்ஸ்டாட்டுக்கு வெளியே, வயல் ஓரத்தில், பழைய கொட்டகை ஒன்றில் ஒரு கராஜ் இருந்தது. அந்தப் பக்கம் அமெரிக்கப் பட்டாளத்துக்காரர் நிறைய இருந்த காலம் ஒன்று உண்டு. தங்கள் ஊரிலிருந்து கார்களைக் கப்பலில் கொண்டுவந்து ஓடினார்கள், போகும்போது விற்றும் கைவிட்டும் போனார்கள். பெரிய எஞ்சின் வைத்த, அகன்ற மூஞ்சிக் கார்கள். மஸில் கார் என்பார்கள். அவற்றைப் பழுது பார்த்து, புதுசுபோல ஆக்கி விற்பது எங்கள் ஷெஃபின் தொழில். முதலாளியை இங்கே ஷெஃப் என்றுதான் சொல்வது. நானும் அக்காவும் பின்னறையில் சாமான் கழுவினோம்.

கழுவுகிறதில் பாரமானது சிலிண்டர் ஹெட். எஞ்சினுக்கு மேல் மூடிபோல இருக்கிற இரும்பு வார்ப்பு. அந்தக் கார்களுக்கு அது இரண்டு, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. எங்களிடம் வரும்போது எண்ணெயும் கரியும் பிடித்துக் கருகிய அப்பம்போல இருக்கும். சுடுதண்ணித் தொட்டியில் ஊறவைத்து, கம்பி பிரஷால் உரஞ்ச உரஞ்ச, இரும்பிலே அடையாளங்கள் மேலே வரும். வார்க்கும்போதே அச்சில் வைத்து வார்த்த அடையாளங்கள், புடைத்து நிற்கும், கைக்குத் தட்டுப்படும். ஓரத்தில் ஒரு உருவம் இருக்கும். சிலதில் ஒட்டகத்தின் முதுகுபோல இரண்டு மேடு, சிலதில் முக்கோணம். உள்ளே, மூடியைக் கழற்றினால், ஒரு நீண்ட இலக்கமும் அதற்குப் பக்கத்தில் ஒரு எழுத்தும் இரண்டு மூன்று இலக்கமும் இருக்கும். அந்த எழுத்துத்தான் வார்த்த மாதம். ஏ என்றால் தை. பி என்றால் மாசி. அப்படியே மார்கழி வரைக்கும்.

இதை ஷெஃப் ஒரு தரம் விரல் மடித்துச் சொல்லிக் காட்டினார். எனக்கு அது ஒரு காதால் வந்து மறு காதால் போயிற்று. அக்காவுக்குத் தங்கிவிட்டது. என்னைப்போலத்தான் அவரும், அரிவரிக்கு மேல் கொஞ்சத் தூரம் போனவர். ஜேர்மன் கடிதம் வந்தால் இரண்டு பேரும் பிள்ளைகளைத்தான் பார்ப்போம். ஆனால் இரும்பில் இருக்கிற எழுத்தை அவர் எழுத்தாகவே பார்க்கவில்லை. முகமாகப் பார்த்தார்.

“இஞ்சை பாரடி. இது ஆவணியிலை வார்த்தது. மற்றது மாசியிலை வார்த்தது. எப்பிடி ரெண்டும் சோடியாகும்?”

“ஓடுற கார் எந்த மாசத்திலை வார்த்தாலும் ஓடுந்தானே அக்கா.”

“ஓடும். நானும் நீயும் ஒரு புருசனுக்குச் சமைச்சாலும் அவன் சாப்பிடுவான். சோடியோ எண்டு கேட்டால் சோடி இல்லை.”

எஞ்சின் காருக்குள்ளேயே இருக்கும்போதுதான் மா உருண்டை வெளியே வரும். ஹெட்டின் பின்பக்கத்து ஓரம் கண்ணுக்குத் தெரியாது, கை மட்டும் போகும். அக்கா சட்டைக் கையை மடித்து, மாவை உள்ளங்கையில் தட்டி, அந்த இடுக்குக்குள் கையை விட்டு அமத்தி எடுப்பார். மாவில் அடையாளம் தலைகீழாகப் பதிந்து வரும். நேராக எழுதியிருந்தாலும் தலைகீழாக எழுதியிருந்தாலும் எங்கள் இருவருக்கும் ஒன்றுதான். அதைப் பார்த்துவிட்டு, “சோடி” என்பார். அல்லது, “சோடி இல்லை” என்பார். பிறகு மாவைக் குப்பையில் போட்டுக் கையைக் கழுவுவார்.

ஷெஃபுக்குத் தெரியாததை அக்கா சொல்லிவிடவில்லை. அந்த மனிதன் அதிலேயே பிறந்து வளர்ந்தவர், எல்லாம் தெரியும். அவருக்கு விற்கவும் வேண்டியிருந்தது, அதுதான் வித்தியாசம். அக்காவுக்கு விற்க ஒன்றும் இல்லை. கண்ணில் பட்டது வாயில் வந்துவிடும்.

கராஜோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு கலியாண வீட்டில், மணவறைக்கு முன்னால் வைத்திருந்த குத்துவிளக்குகளைப் பார்த்துவிட்டு, பெண்ணின் தாயிடம் போய்ச் சொன்னார்.

“இந்த ரெண்டு விளக்கும் சோடி இல்லை. ஒண்டின்ரை அன்னம் சிரிக்குது, மற்றது முழிச்சுக்கொண்டு நிக்குது.”

தாய்க்காரி சேலை கசங்க ஓடித் திரிகிற நேரம். “அக்கா, நீங்கள் முதல் பந்தியிலேயே இருந்து சாப்பிடுங்கோ” என்றார். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து எங்களுக்குக் கலியாண அட்டை வந்ததில்லை. எனக்கும் சேர்த்துத்தான் நின்றது.

இன்னொரு தரம், கலியாணப் பேச்சுக்கால் நடக்கிற வீட்டில், மாப்பிள்ளையும் பெண்ணும் வெளியே நடந்துவிட்டு வந்தார்கள். அக்கா சன்னலால் பார்த்துக்கொண்டிருந்து, “பெட்டை பஸ்ஸுக்குப் போறமாதிரி நடக்கிறாள், பெடியன் பஸ்ஸை விட்டவன்மாதிரி வாறான். சோடி இல்லை” என்றார். தேத்தண்ணிக் கோப்பைகள் அப்படியே நின்றன. அந்தக் கலியாணம் நடந்தது, பிள்ளைகளும் இருக்கிறார்கள், நன்றாகத்தான் இருக்கிறார்கள். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. கோயில் தேருக்கு அவர்கள் வந்தபோது என் இடுப்பில் முழங்கையால் இடித்தார். “இப்பவும் பின்னாலைதான் வாறான். பார்.”

பிழையும் விட்டிருக்கிறார். ஒரு மஞ்சள் காரின் ஹெட்டுகளைச் சோடி இல்லை என்று அடித்துச் சொன்னார். ஷெஃப் பெயின்ரைச் சுரண்டிப் பார்த்தார், இரண்டும் அச்சொட்டாக ஒன்றே. யாரோ ஒருவன் ஒரு பக்கம் கொழுக்கட்டைக்குப் பூரணம் வைத்ததுபோலப் பெயின்ரை அப்பியிருந்தான். “பாத்தியளோ அக்கா” என்றேன். “இப்பிடி அப்பச் சொல்லி ஆர் சொன்னது? அவனைக் கேள்” என்றார். பிழை என்று சொல்லவே இல்லை.

இப்படிப்பட்ட வாய்க்கு, சொல்ல வேண்டிய ஒன்று வாழ்நாள் முழுக்கக் கண்முன்னாலேயே இருந்தது. அதை இனிச் சொல்கிறேன்.

அண்ணையும் என் வீட்டுக்காரரும் ஒரே விமானத்தில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்டில் வந்து இறங்கியவர்கள். மேற்குக்கு வந்து, அகதிகளுக்கான ஹைமில் ஒரே அறையில், ஒன்றுக்கு மேல் ஒன்றான கட்டிலில் படுத்தவர்கள். அண்ணைக்கு ஊரில் கலியாணம் பேசினார்கள். படம் அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தது. அண்ணை நல்ல மனிதர், கடின உழைப்பாளி, ஆனால் இளவயதிலேயே முன்னந்தலை வெளித்து, கன்னம் ஒட்டி, ஆளைப் பார்த்தால் பத்து வயது கூடுதலாகத் தெரியும். என் வீட்டுக்காரர் அழகன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. சுருட்டை முடி, நல்ல நெற்றி, மீசை. அண்ணைக்கும் மீசை உண்டு. இரண்டு பேரும் ஒரே நிறம், ஒரே உயரம். ஹைமின் படிக்கட்டில் வைத்து எடுத்த என் வீட்டுக்காரரின் படம் ஒன்று, அண்ணையின் படமென்று ஊருக்குப் போயிற்று. அந்த நாளில் இது அப்படி ஒன்றும் நடக்காத காரியம் அல்ல. குளிர் ஆளை மாற்றிப்போடும், சாப்பாடு ஆளை மாற்றிப்போடும் என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்று நினைப்பார்கள்.

நான் வந்து சேர்ந்தபோது என் வீட்டுக்காரர் தாடி வளர்த்திருந்தார். ஏன் இந்தக் கோலம் என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு காரணத்தைச் சொன்னார். பெண் வரப் போகிறாள், படத்திலிருக்கிற முகம் பக்கத்து அறையில் நிற்கக் கூடாது, அதனால் தாடி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேறொருத்தி என் புருசனின் படத்தைத் தலையணைக்குக் கீழே வைத்திருப்பாள் என்று நினைத்தேன்.

அக்கா வந்ததும் அதே வழியால்தான். பெர்லினில் நின்ற ஆட்கள் ரயிலேற்றிவிட, பிராங்க்ஃபர்ட் ஸ்டேசனில் இறங்கினார். நாங்கள் மூவரும் போயிருந்தோம். அண்ணை கையில் பூங்கொத்து, அது நடுங்கியது. அக்கா ஒரு பையோடு இறங்கி, முதலில் அண்ணையைப் பார்த்தார். பிறகு தூணோரம் நின்ற தாடிக்காரரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒவ்வொருவரிலும் ஒரே அளவு நேரம்.

அண்ணை, பயணம் எப்படி என்றுகூடக் கேட்காமல், “தலைமயிர் கொஞ்சம் கொட்டிப்போட்டுது. இஞ்சத்தைத் தண்ணி” என்றார்.

“ஓம்” என்றார் அக்கா. “தண்ணி பொல்லாததாத்தான் இருக்கும்.”

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரரைக் காட்டி என்னிடம் கேட்டார்: “இந்தத் தம்பி ஆர்?”

என் வீட்டுக்காரர் அக்காவைவிட ஆறேழு வயது மூத்தவர். தம்பி என்றதும் அண்ணை சிரித்தார், என் வீட்டுக்காரரும் சிரித்தார். தாடி வைத்தவனைத் தம்பி என்கிறாளே என்று வருகிற வழியெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவும் இல்லை, மாற்றவும் இல்லை. கடைசிவரைக்கும் தம்பிதான். எனக்கு அந்தச் சொல் அன்றைக்கே ஒரு கதவைச் சாத்துகிற சத்தம்போலக் கேட்டது. ஆனால் தெரிந்து சாத்தினாரா, தெரியாமல் சாத்தினாரா என்று சொல்ல முடியவில்லை.

தண்ணி விஷயத்தை அக்கா விடவில்லை. அண்ணை முழுகுகிற சனிக்கிழமைகளில் தண்ணியைக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, வெந்தயம் அரைத்துத் தலையில் பூசி, அந்தத் தண்ணியால்தான் வார்ப்பார். பிள்ளைகள் பிறந்து வளர்ந்த பிறகும் அது நடந்தது. ஒரு மயிர் புதிதாக முளைக்கவில்லை. “முந்தி எவ்வளவு அடர்த்தியா இருந்தது, படத்திலை பாத்தனான்தானே” என்று எங்கள் எல்லோருக்கும் முன்னால் சொல்லிக்கொண்டு பூசுவார். அண்ணை குனிந்த தலையை நிமிர்த்த மாட்டார். என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விடுவார். நான் அக்காவின் முகத்தைப் பார்ப்பேன். அதில் வெந்தயம் அரைக்கிற கவனத்தைத் தவிர வேறு ஒன்றும் இருக்காது.

இந்த வாய் என்றைக்கு இதைச் சொல்லும்? அண்ணை அதற்குப் பயந்தார். என் வீட்டுக்காரர் அண்ணைக்காகப் பயந்து, பிறகு தனக்காகவும் பயந்து, தாடியை எடுக்கவே இல்லை. நான் பயந்தேன் என்று சொல்ல மாட்டேன். பயப்பட என் பக்கம் ஒன்றும் இல்லை. ஆனால் காத்திருந்தேன். தொட்டிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான், நடுவில் ஆவி பறக்கிற தண்ணி. ஒவ்வொரு ஹெட்டாகத் தூக்கிப் பார்த்து, சோடி, சோடி இல்லை, சோடி, சோடி இல்லை. அடுத்தது என் வீடாக இருக்கும் என்று எத்தனையோ தரம் நினைத்தேன்.

ஒருநாள் சிவப்புக் கார் ஒன்றை வாங்க ஒருவர் வந்தார். பெஞ்சாதியையும் கூட்டி வந்திருந்தார், நல்ல சந்தோசத்தில் நின்றார்கள். அந்தக் காரின் ஒரு ஹெட் உடைந்துபோய், வேறொன்றைப் போட்டிருந்தது. ஷெஃப் அதை இன்னும் சொல்லவில்லை. சொல்வாரா, மாட்டாரா, எனக்குத் தெரியாது. அக்கா வாளியோடு பக்கத்தால் போனார். ஷெஃப் அவரைக் கண்டதும், வாங்குகிறவரின் முதுகுக்குப் பின்னால் நின்று விரலை உதட்டில் வைத்தார். அக்கா அதைக் கண்டார். கண்டுகொண்டே வாளியைக் கீழே வைத்தார்.

“நைன், நைன்” என்று மறுத்துத் தலையை ஆட்டினார். “இதுவும் அதுவும் ஒண்டில்லை. இது வேறை, அது வேறை.” தன் அரைகுறை ஜேர்மனில், இரண்டு விரலை நீட்டி, ஒன்றை மடக்கிக் காட்டி.

அவர்கள் வாங்காமல் போனார்கள். ஷெஃப் பின்னறைக்கு வந்து கத்தின கத்தில் சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்று நான் கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அக்கா கேட்டுக்கொண்டு நின்றார். ஷெஃப் கத்தி முடித்ததும், “காப்பி வேணுமோ?” என்று கேட்டார். ஷெஃப் கதிரையில் இருந்துவிட்டார். குடித்தார். ஆளை வேலையால் நிறுத்தவில்லை, ஆனால் வாங்குகிறவர் வரும் நாட்களில் எங்கள் அறைக் கதவை வெளியால் சாத்தச் சொல்லிவிட்டார்.

பஸ்ஸில் வரும்போது கேட்டேன். “ஏனக்கா, உங்களாலை வாயை வைச்சுக்கொண்டு இருக்க ஏலாதோ? அந்தாள் விரலை வைச்சுக் காட்டினது கண்டனீங்கள்தானே?”

“கண்டனான்.”

“பிறகு?”

“சொல்லிப்போட்டால் அது பிறகு என்ரை பாரமில்லை. தூக்கிக்கொண்டு திரியத் தேவையில்லை.”

நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். சொல்லாதது ஏதும் இருந்தால் அது உங்கள் பாரமோ என்று கேட்கலாம்போல இருந்தது. நாங்கள் இறங்குகிற தரிப்பு வந்துவிட்டது.

இன்னொன்றும் ஞாபகம் இருக்கிறது. என் வீட்டுக்காரருக்குத் தாடையில் ஒரு சத்திரசிகிச்சை, ஆஸ்பத்திரியில் தாடியை வழித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்துவிட்டு, கொலை செய்தவன்போலத் திரைச்சீலையை இழுத்துவிட்டார். அண்ணை ஒவ்வொரு நாளும் போன் எடுப்பார். “தங்கச்சி, என்ன பாடு?”

“நோவு குறைஞ்சிட்டுது அண்ணை.”

“நோவு கிடக்கட்டும். வளர்ந்திட்டுதோ?”

அண்ணையும் அக்காவும் நடந்துவந்தால் எங்கள் வீட்டுக்கு ஐந்து நிமிடம். அக்கா ஒரு தரமும் பார்க்க வரவில்லை. கஞ்சி காய்ச்சி அண்ணையிடம் கொடுத்துவிடுவார். வருத்தக்காரனைப் பார்க்க ஊரைத் தாண்டியும் போகிற மனுசி, ஐந்து நிமிடத் தூரம் வரவில்லை. தாடி திரும்ப மூடின பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, “தம்பி, இப்ப சாப்பிட ஏலுமோ?” என்று கேட்டுக் கதிரையில் இருந்தார்.

கராஜை ஷெஃப் மூடினார். எங்களுக்கும் பென்சன் வயது வந்தது. அதற்குப் பிறகு ஒரு காலையில் என் வீட்டுக்காரர் சப்பாத்துக் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

அந்த நாட்களைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. ஆட்கள் வந்தார்கள், கையைப் பிடித்தார்கள். பிடிக்கிறார்கள் என்று தெரிந்தது, சூடோ குளிரோ தெரியவில்லை. பிள்ளைகள் டெர்மின் என்கிற சந்திப்பு நேரம் எடுத்தார்கள், கடிதம் எழுதினார்கள், மண்டபம் பிடித்தார்கள். மகள் அல்பத்தைப் புரட்டி ஒரு படத்தை எடுத்துக்கொண்டு வந்து, “அம்மா, இதிலை அப்பா எவ்வளவு வடிவு. இதைப் பெரிசாக்கி வைப்பம்” என்றாள். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை, அவளுக்கு ஒன்றும் தெரியாது. தகப்பனைத் தாடி இல்லாமல் அவள் சரியாகக் கண்டதுகூட இல்லை. நான் படத்தைப் பார்த்தேன். பார்த்தது உள்ளே போகவில்லை. “ஓம், வை” என்றேன்.

மண்டபத்தில் பெட்டிக்குப் பக்கத்தில், ஆள் உயரத்துக்கு, மாலை போட்டு வைத்திருந்தார்கள். ஹைம் படிக்கட்டு. சுருட்டை முடி, மீசை, வழித்த முகம். அப்போதுதான் எனக்கு என்ன படம் என்று உறைத்தது. எழுந்து போய் மறைக்கவேண்டும் என்று நினைத்தேன். கால் அசையவில்லை, அசைக்கவேண்டும் என்று பெரிதாகத் தோன்றவும் இல்லை.

அண்ணை வாசலில் வந்து நின்றார். படத்தைக் கண்டார். கண்டதும் ஆள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் சிநேகிதனை நினைத்துத் தளர்ந்துவிட்டார் என்று கதிரை கொண்டு ஓடினார்கள். அவருக்குப் பின்னால் அக்கா, கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. அண்ணையைக் கடந்து நேரே நடந்து படத்துக்கு முன்னால் போய் நின்றார். நிறைய நேரம் நின்றார். சபை முழுக்க இருந்தது. அந்த வாய் திறந்தால் கடைசிக் கதிரைவரைக்கும் கேட்கும். அண்ணை அங்கிருந்து அவரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா சேலைத் தலைப்பை எடுத்து, கண்ணாடியில் ஒரு இடத்தில் விரல் அடையாளம் பட்டிருந்ததைத் துடைத்தார். பிறகு வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தார்.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து, ஆட்கள் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனபிறகு, குசினியில் நானும் அவரும் கோப்பை கழுவினோம். அவர் கழுவினார், நான் துடைத்தேன். அண்ணை முன்னறையில் இருந்தார்.

“இந்தப் படம் என்னட்டையும் இருந்தது” என்றார் அக்கா.

“தெரியும்.”

“உனக்குத் தெரியுமெண்டு எனக்கும் தெரியும்.”

அவர் அடுத்த கோப்பையை எடுத்தார். எனக்கு அழுகை வரவேண்டிய நேரம், கோபம் வரவேண்டிய நேரம், ஒன்றும் வரவில்லை. கேட்கவேண்டியதைக் கேட்டேன்.

“எப்ப கண்டுபிடிச்சனீங்கள்?”

“என்னடி கேள்வி இது? ரயிலாலை இறங்கேக்கை. இரும்பிலை ஒட்டகமுதுகு தெரியிற எனக்கு, மனிசன்ரை முகம் தெரியாதோ?”

“ஏன் சொல்லேல்லை?”

“சொல்லி? எங்கை திரும்பிப் போறது? பின்னாலை ஊரிலை சண்டை, செல்லடி. முன்னாலை அந்தாள் பூவோடை நிண்டு நடுங்குது. தாடிக்காரன் தூணுக்குப் பின்னாலை. நீ என்னைத் தின்னுறமாதிரிப் பாத்துக்கொண்டு நிக்கிறாய்.” கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். “படத்திலை நல்லாத்தான் இருந்தார். நேரிலை உன்னோடை நிண்டார். அவ்வளவுதான்.”

“பிறகாவது அண்ணையிட்டைச் சொல்லியிருக்கலாமே. அந்த மனிசன் இத்தினை வருசமாப் பயந்து பயந்து...”

“அதாலைதான் சொல்லேல்லை.” முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு சிரிப்புப்போல ஏதோ வந்தது. “பயத்திலை அந்தாள் என்னை எவ்வளவு நல்லாப் பாத்தது தெரியுமோ? ஒரு நாள் கை நீட்டினதில்லை, ஒரு சொல்லுச் சொன்னதில்லை. குடியில்லை. மற்றவளவையின்ரை புருசன்மாரைப் பார். இனியும் நீ சொல்லிப்போடாதை. பயம் போச்செண்டால் ஆள் கெட்டுப்போம்.”

“வயசு போட்டுது அக்கா. இனி என்ன கெடுகிறது.”

“கெடுகிறதுக்கு வயசில்லை. சொல்லாதை.”

சரி என்றேன்.

அக்கா போனது அதற்குப் பிறகு வந்த மாரிக் குளிரில். ஈரல் வருத்தம். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரிக்குப் போட்டிருந்த காலுறை இரண்டும் சோடி இல்லை என்று தாதியைக் கூப்பிட்டுச் சொன்னதாக அண்ணை சொன்னார். அண்ணைதான் கடைசிவரைக்கும் பக்கத்தில் இருந்து கஞ்சி பருக்கியவர்.

முப்பத்தோராம் நாள் செலவுச் சடங்கு முடிந்து சில கிழமை கழித்து அண்ணை என்னிடம் வந்தார். தேத்தண்ணி வைத்தேன். குடிக்காமல் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“தங்கச்சி, ஒண்டு கேக்கட்டோ. மறைக்கக் கூடாது.”

“கேளுங்கோ.”

“அவவுக்குத் தெரியுமோ?”

நான் சீனிப் போத்தலை மூடினேன்.

“தெரியாமல் போயிருந்தால், அந்த மனுசியை நான் ஏமாத்தி வைச்சிருந்தனான், அவ்வளவுதான். தெரிஞ்சும் இருந்தவ எண்டால்...” அவர் அதை முடிக்கவில்லை. முடிக்காத இடத்தில் அவருக்கு என்ன வேண்டும் என்று எனக்கு விளங்கியது. தெரிந்தும் தன்னோடு இருந்தாள் என்ற ஒன்று கிடைத்தால், அதை வைத்துக்கொண்டு மிச்ச நாளைக் கழித்துவிடுவார்.

அக்கா சொல்லாதே என்றார்தான். அது பயம் போனால் ஆள் கெட்டுப்போகும் என்பதற்காக. இனிக் கெட்டுப்போனால்தான் யாருக்கு என்ன? நான் சொன்னேன். ஸ்டேசனில் இறங்கும்போதே தெரியும் என்றேன். தாடிக்குள்ளும் தெரியும் என்றேன். தெரிந்துகொண்டுதான் வெந்தயம் பூசினவ என்றேன். குசினியில் கோப்பை கழுவும்போது அக்கா தன் வாயால் சொன்னதை, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

அண்ணை கேட்டுக்கொண்டிருந்தார். கண் கலங்கியது. பிறகு மெல்லத் தலையை ஆட்டினார்.

“நீ நல்ல பிள்ளை, தங்கச்சி. என்ரை ஆறுதலுக்குச் சொல்லுறாய்.”

“இல்லை அண்ணை. சத்தியமாச் சொன்னவ.”

“அவவோ? அவ சொல்லாமல் இருந்தவவோ?” அவர் சிரித்தார். அழுதுகொண்டே சிரித்தார். “குத்துவிளக்குக்கே சண்டைக்குப் போன மனுசி. விரலை வாயிலை வைச்சுக் காட்டின ஷெஃபுக்கு முன்னாலை சொன்ன மனுசி. தெரிஞ்சிருந்தால் அந்த ஸ்டேசன் முழுக்கக் கேக்கக் கத்தியிருப்பா. அவவாலை ஏலாது, தங்கச்சி. எனக்கு அவவைத் தெரியாதோ?”

இன்னொரு தரம் சொன்னேன். சபையில் படத்தின் கண்ணாடியைத் துடைத்ததைச் சொன்னேன். அவர் என் கையில் தட்டி, “போதும், போதும்” என்றார், பிள்ளையைத் தேற்றுவதுபோல.

ஆறின தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டு எழுந்து கோட்டைப் போட்டார். “அவவிட்டை ஒருக்கால் மன்னிப்புக் கேட்டிருக்க வேணும். பயத்திலை கேக்காமலே விட்டிட்டன்” என்றார்.

அக்காவுக்குத் தெரியாது என்று நம்பிக்கொண்டே அவர் இன்னும் இரண்டு வருடம் இருந்தார். என்னைக் காணும்போதெல்லாம் அதையே சொன்னார். நானும் முதலில் மறுத்துப் பார்த்தேன். பிறகு மறுக்கவில்லை. அவர் சொல்லும்போது “ஓம் அண்ணை” என்பேன், அவர் தலையை ஆட்டிக்கொண்டு போவார்.